பிள்ளை விளையாட்டும் முதற்கல்வியும்

விளையாட்டைத் தமிழிலக்கணம் புறக்கணித்ததில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. உரியியல், கெடவரல், பண்ணை என்னும் அரிய சொற்கள் இரண்டற்கும் விளையாட்டே பொருள் என விளக்குகின்றது. ஓரை, வண்டல், கழங்கு, ஊசல் என ஆட்டப் பெயர்கள் சங்கப் பாட்டுகளில் நிறைந்து கிடக்கின்றன. இவ்வளவு இருந்தும், விளையாட்டையும் கல்வியையும் சேர்த்துப் பேசத் தொடங்கின் நம்மவர் நெஞ்சில் ஒரு தடை எழுகின்றது. ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்க வேண்டும் என்பது பெரும்பாலோர் எண்ணம்.

இவ்வெண்ணம் இருவகையாக வெளிப்படும். விளையாட்டு என்பது கல்விக்கு இடையே விடும் ஓய்வு என்பார் ஒரு சாரார். கசக்கும் மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பது போல எழுத்தையும் எண்ணையும் விளையாட்டிற் பொதிந்து ஊட்டலாம் என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கொள்கை புதுமை போலத் தோன்றினும், இரு சாராரும் கல்வியைக் கசப்பென்றே கொண்டனர். ஐந்து அல்லது ஆறு அகவைக்கு உட்பட்ட குழந்தைக்கு விளையாட்டே கற்கும் நெறி. அதனின் வேறாய்க் கல்வி ஒன்று அப்பருவத்திற்கு இல்லை என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்து. இதற்குச் சான்று தேடி முதற்கண் மேலைநாட்டு நூல்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பிள்ளைத்தமிழும், தாய்மார் மடியிற் பயின்று வரும் கைவிளையாட்டுகளும், ஐந்து கூழாங்கற்களும் போதும்.

பிள்ளைத்தமிழை முதலிற் காண்போம். குழவிப் பருவமும் பாட்டிற்கு உரிய பொருளாகும் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலின் கருத்து. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பதிகங்களில் இம்மரபு செழித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழில் அது தனிச் சிற்றிலக்கியமாக முழுவடிவு பெற்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பருவம் பத்து. பெண்பாற்கு இறுதி மூன்றும் மாறிக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றோ, அம்மானை, நீராடல், ஊசல் என்றோ வரும். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை ஒற்றைப்படை மாதங்களில் இவற்றை முறையே வைத்துப் பாடுக என்பது பாட்டியல் மரபுகளுள் ஒன்று. மாதக் கணக்கில் பாட்டியலார் தம்முள் வேறுபடுவர், அது நிற்க.

இக்கணக்கின்படி செங்கீரை ஐந்தாந் திங்களில் வரும். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்து ஆடும் நிலை அது. சப்பாணி என்னும் கைகொட்டல் ஒன்பதாந் திங்களில் வரும். தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல் பதின்மூன்றாந் திங்கள். இன்று குழந்தை மருத்துவர் வளர்ச்சிப் படிகளைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையை இவற்றோடு ஒப்பிட்டால் மூன்றும் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன. கவிஞர்கள் அரசனையும் இறைவனையும் புகழ எழுந்தவர்கள்; குழந்தை வளர்ப்பு நூல் எழுத எழுந்தவர்கள் அல்லர். எனினும் பருவங்களின் இவ்வரிசை வெறுங் கற்பனையிற் பிறந்திருக்க இயலாது. எத்தனையோ தலைமுறைத் தாய்மார் தொட்டிலருகே இருந்து கண்டதைப் புலவர் வாங்கிக்கொண்டனர் என்பதே பொருத்தமாகப் படுகின்றது.

ஆயினும் மரபு முழுவதையும் மெய்யெனத் தூக்கிப் பிடித்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. பதினேழாந் திங்களில் சிற்றில் என்பது பொருந்தாது. அவ்வகவைக் குழந்தை மணலை அள்ளும், கொட்டும், மீண்டும் அள்ளும். வீடு என்னும் எண்ணத்தை மணல்மேல் ஏற்றிக் காணும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. அது பொதுவாக மூன்றாம் ஆண்டை ஒட்டி நிகழ்வது. மாத எண்களை ஒற்றைப்படையாக ஒழுங்குசெய்ய விரும்பிய இலக்கணம் பின்னைப் பருவங்களை முன்னே இழுத்துக்கொண்டது போலும்.

இப்பத்தனுள் அம்புலிப் பருவம் புலவர் திறத்துக்கு உரைகல் என்பர். திங்களை வருமாறு அழைக்கும்போது இன்சொல், வேறுபாடு காட்டல், கொடை, ஒறுப்பு என்னும் நால்வகை உபாயங்களையும் அமைத்துப் பாடுவது மரபு. அப்புலமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அதன் அடியிலுள்ள வீட்டு நிகழ்ச்சியை மட்டும் நோக்குவோம். தாய் விரலால் வானத்தைச் சுட்டுகின்றாள். குழந்தை முதலில் விரலை நோக்குகின்றது. சின்னாள் கழித்து விரல் காட்டும் திசையை நோக்குகின்றது. இருவர் கண்ணும் ஒரே பொருளில் சென்று தங்க, அப்பொருளின் பெயர் காதில் விழுகின்றது. சொல்லும் பொருளும் இணைவது இவ்வாறுதான். இன்றைய மொழியியலாரும் உளவியலாரும் இக்கூட்டுக் கவனத்தைக் குழந்தை மொழிகற்றலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்கின்றனர். நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாய் செய்வது சோறூட்டல் மட்டுமன்று. கைப்பேசித் திரையைக் காட்டி ஊட்டுமிடத்துச் சோறு உள்ளே போகின்றது. ஆனால் சுட்டும் விரலும், உடன்நோக்கும் கண்ணும், பெயர் சொல்லும் வாயும் இல்லை.

சிறுதேர்க்கு வருவோம். குறுந்தொகை 61ஆம் பாட்டில் தோழி கூற்றாக ஓர் உவமை வருகின்றது. தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் சிறுவர் ஏறிச் செல்லார். ஆயினும் கையால் இழுத்தே இன்பங் கொள்வர் என்பது அதன் கருத்து. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவர் செய்த தேரை உருட்டி நடந்து களைத்த புதல்வர், செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். பட்டினப்பாலையில் நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூவுருளைத் தேருக்கு வழித்தடையாகின்றது. கடைசிச் செய்தியைப் பட்டினத்தின் செல்வச் சிறப்புக்குச் சான்றாகவே உரையாசிரியரும் பின்னோரும் எடுத்துக்காட்டுவர். அதே அடிகளில் பிறிதொன்றும் உண்டு. மூன்று பாட்டிலும் தேர் குழந்தையைச் சுமக்கவில்லை. குழந்தையே தேரைச் செலுத்துகின்றது. குதிரை இல்லை, அதனைக் குழந்தையின் மனம் படைத்துக்கொள்கின்றது. ஒரு கோலைக் குதிரையாகக் கொள்ளும் குழந்தை, பொருளினின்று பொருண்மையைப் பிரித்தெடுக்கக் கற்கின்றது என்று உருசிய நாட்டு உளவியலறிஞர் வைகாட்சுக்கி விளக்கினார். எழுத்து என்பதும் அத்தகையதே. ஒரு கோடு ஓர் ஒலிக்கு நிற்கும் என்று ஒப்புக்கொள்வதற்கு முன்னர், ஒரு குச்சி ஒரு குதிரைக்கு நிற்கும் என்று மனம் பழகியிருத்தல் வேண்டும்.

ஈண்டு ஒன்று கூறி மேற்செல்வோம். மரத்தாலான நடைவண்டி பட்டினப்பாலைத் தேரை நினைவூட்டுவது. குழந்தை எழுந்து நின்று, தன் காலால் நடந்து, அதனைத் தள்ளுகின்றது. இக்காலத்துக் கடைகளில் விற்கும் வட்ட வண்டியோ குழந்தையை உள்ளே அமர்த்தி, நடவாமலே நகரச் செய்வது. படியில் உருண்டு விழும் விபத்துகள் மிகுந்தமையால் கனடா நாடு 2004ஆம் ஆண்டு அவ்வகை வண்டியின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. பெயர் ஒன்றாயிருத்தலால் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

இனித் தாய்மடி விளையாட்டுகள். சாய்ந்தாடுதல், கைவீசுதல் முதலியன எல்லார்க்கும் தெரிந்தவை. இவற்றினும் நுட்பமானது பருப்புக் கடையும் விளையாட்டு. பாட்டி குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பிடித்துத் தன் முழங்கையை அல்லது விரலை அதில் வைத்துக் கடைகின்றாள். பின்னர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு இன்னார்க்கு இவ்வளவு என்று பங்கிடுகின்றாள். பங்கீடு முடிந்ததும் அவள் விரல்கள் நண்டு போல மணிக்கட்டிலிருந்து மெல்ல ஏறிச் சென்று அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுகின்றன. இருபது நொடியில் முடிந்துவிடும் இவ்விளையாட்டினுள் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன என்று பார்ப்போம். ஒரு விரலுக்கு ஒரு பங்கு. எவ்விரலும் விடுபடாது, எதுவும் இருமுறை பெறாது. எண்ணுதலின் அடிப்படையான ஒன்றுக்கொன்று என்னும் பொருத்தம் இதுவே. உறவுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கையின் உறுப்புகள் தோலின்மேல் உணர்த்தப்பெறுகின்றன. நண்டு எப்பொழுது அக்குளை அடையும் என்று மூச்சடக்கிக் காத்திருக்கும் குழந்தை, நடந்ததைக் கொண்டு நடக்கப்போவதை எதிர்பார்க்கக் கற்கின்றது. கதை என்பதன் முதல் வடிவமும் இதுவே.

செருமானியக் கல்வியறிஞர் பிரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் சிறுவர்க்கெனத் தாம் தொடங்கிய நிலையத்திற்கு 1840இல் குழந்தைகளின் தோட்டம் எனப் பெயரிட்டார். 1844இல் அவர் வெளியிட்ட தாய்மார் பாடல் நூல், மடியில் வைத்து ஆடும் கைவிளையாட்டுகளையே பொருளாகக் கொண்டது. சிற்றூர்த் தாய்மார் இயல்பாகச் செய்வதை உற்றுநோக்கி அதற்கு ஒரு கொள்கை வகுத்தார் அவர். அவ்வுற்றுநோக்கல் நம்மிடையே நெடுங்காலம் நிகழவில்லை. பாட்டிகள் ஆடினர்; பண்டிதர்கள் வேறு வேலை பார்த்தனர்.

பெரியாழ்வார் பாடும் அப்பூச்சி காட்டுதலும் இவ்வினத்தைச் சேர்ந்தது. அச்சுறுத்துவது போல முகத்தை மாற்றிக் காட்டிப் பின்னர்ச் சிரிப்பில் முடிப்பது அவ்விளையாட்டு. முகத்தை மறைத்துத் திறக்கும் விளையாட்டும் கண்ணாமூச்சியும் அதனோடு உறவுடையன. அன்புடையோர் கைக்குள்ளே இருந்துகொண்டு அச்சத்தைச் சிறிதளவு சுவைத்துப் பார்க்கும் பயிற்சி இது. இங்கே அளவறிதல் இன்றியமையாதது. குழந்தை அழத் தொடங்கிய பின்னும் தொடர்பவர் விளையாடுகிறவர் ஆகார்.

மொழிப்பயிற்சி குறித்துத் தமிழாசிரியராகிய நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறுமிடத்துக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் எடுத்துக்கொண்டார். உடலின் இயல்பான அசைவைக் கொண்டே ஒலியின் காலத்தை அளந்தார் என்பது கருதத்தக்கது. இந்நூற்பாவை முதுகலை வகுப்பில் நடத்தும் நாம், நான்கு அகவைக் குழந்தையிடம் அதனை ஆடிக் காட்டலாம் என்பதை நினைப்பதில்லை. மலை, மாலை, படம், பாடம், வடை, வாடை, கல், கால் என இணை இணையாகச் சொல்லி, முதலெழுத்து குறிலாயின் ஒரு நொடியும் நெடிலாயின் இரு நொடியும் விரலால் நொடிக்கச் செய்க. நொடிக்க வராத சிறு விரல்களுக்குக் கைதட்டல் போதும். நான்கைந்து நாளில், தவறான அளவைப் பெரியவர் வேண்டுமென்றே சொன்னால் குழந்தை நகைத்துத் திருத்தும். குறில் நெடில் என்ற பெயர்கள் அதற்குத் தெரியா, வேறுபாடு தெரியும். பின்னாளில் துணைக்கால் இடவேண்டிய இடத்தை மறந்து எழுதும் பிழை பெரும்பாலும் காது பழகாமையால் வருவதே யொழியக் கை பழகாமையால் வருவதன்று.

லகர ளகர ழகரங்களுக்கும் இம்முறை உதவும். புலி, புளி, மலை, மழை, வால், வாள் என்னும் இணைகளுக்குப் படங்கள் வரைந்து வைத்து, ஆசிரியர் சொல்லும் பெயர்க்குரிய படத்தைத் தொடச் சொல்லலாம். முதலில் கேட்டு வேறுபடுத்தல், பின்னரே நாவால் ஒலித்தல் என்பது முறை. மூன்று அகவைக் குழந்தை ழகரம் ஒலிக்கவில்லை எனக் கலங்குவோர் உளர். ழகரம் குழந்தை நாவிற்குக் காலந்தாழ்ந்தே அமையும் ஒலி. அவ்வகவையில் அதனை வற்புறுத்துதல் பேச்சையே அஞ்சச் செய்துவிடும். நாப்பிறழ் தொடர்கள் ஐந்து அகவைக்கு மேல் நகைப்புக்குரிய போட்டியாக வரும்போது, தவறுவதே அவ்விளையாட்டின் சுவையாதலின் எவர்க்கும் நாணமில்லை. விடுகதை இன்னும் சற்றுப் பின்னர் வரும். தொல்காப்பியர் பிசி எனப் பெயரிட்டு யாப்பின் வகை ஏழனுள் வைத்துப் போற்றிய வடிவம் அது. ஒரு பொருளை அதன் பெயர் சொல்லாமற் பண்புகளாலேயே உணர்த்துதல் குழந்தைக்கு வரையறை கூறும் பயிற்சியாகின்றது. தானே ஒரு விடுகதை கட்டி, விடையையும் உடனே சொல்லிவிடும் ஐந்து அகவைச் சிறுமியை நாம் எல்லாரும் கண்டிருக்கின்றோம். அவளைத் தடுக்க வேண்டுவதில்லை.

எண்ணறிவுக்குத் தமிழர் விளையாட்டுகளுள் கழங்கின் வழியதான ஐந்தாங்கல்லை விஞ்சியது ஒன்றில்லை என்று யாம் துணிந்து கூறுவோம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே விழுமுன் தரையிலுள்ள நான்கினை எடுக்க வேண்டும். முதற் சுற்றில் ஒவ்வொன்றாக நான்கு முறை. இரண்டாஞ் சுற்றில் இரண்டிரண்டாக இருமுறை. மூன்றாஞ் சுற்றில் மூன்றும் ஒன்றும். நான்காஞ் சுற்றில் நான்கும் ஒருங்கே. நான்கு என்னும் எண்ணை இவ்வாறு வெவ்வேறு வகையாகப் பகுத்துத் தொகுப்பதைக் கையும் கண்ணும் சேர்ந்தறிகின்றன. கரும்பலகையில் இரண்டும் இரண்டும் நான்கு என்று எழுதும்போது ஒரு வாய்பாடு கிடைக்கின்றது. கல் விழுவதற்குள் இரண்டைத் தேர்ந்தள்ளும் சிறுமிக்கோ, எஞ்சிக் கிடப்பனவும் இரண்டே என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகின்றது. எண்ணாமலே தொகை காணும் இத்திறத்தை இக்கால எண்ணறிவு ஆய்வாளர் பெரிதும் மதிக்கின்றனர். எறிந்து பிடித்தல் ஆறேழு அகவைக்கு முன் எளிதன்று. சிறியோர்க்கு எறிதலை நீக்கிவிட்டுக் கற்களைப் பகுத்து அள்ளுதலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பல்லாங்குழியும் அவ்வாறே படிப்படியாக வளர்க்கத்தக்கது. பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து முத்து வைப்பின் எழுபது. நான்கு அகவைக் குழந்தைக்குக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்வதே முழு விளையாட்டு. ஐந்தாம் அகவையில் நான்கு முத்து சேர்ந்த குழியைக் கண்டு பசு என்று அள்ளுதல் சேரும். ஏழெட்டு அகவையில், எக்குழியில் தொடங்கினால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிக்கும் சூழ்ச்சி பிறக்கும். ஒரே பலகையில் தமக்கையும் தங்கையும் தத்தம் அறிவுக்கேற்ப ஆடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. முத்தாகப் புளியங்கொட்டையும் சோழியும் மஞ்சாடியும் பயன்படும். கரும்புள்ளியுடைய சிவந்த குன்றிமணி நஞ்சுடையது. அதனைக் குழந்தைகள் கையில் தருதல் ஆகாது. மூன்று அகவைக்கு உட்பட்டோர் அருகில் எவ்விதைக்கும் கல்லுக்கும் பெரியவர் கண் உடனிருத்தல் வேண்டும், வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்வர் ஆதலின். நீள மணற்கரை குவித்து, அதனுள் குச்சியை ஒளித்து, அது இருக்குமிடத்தை மற்றவர் இரு கையாலும் பொத்திக் காட்டும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் அவ்விடர் குறைந்தது. தொலைவை மதிப்பிடும் பயிற்சியும் அதில் உண்டு.

மணல் என்றதும் எழுத்துப் பயிற்சி நினைவுக்கு வருகின்றது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கிய முறை நாடறிந்தது. ஏடு தொடங்கும் நாளில் தட்டில் பரப்பிய அரிசியில் எழுதுவிப்பது இன்றும் நிகழ்கின்றது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் உடன் சென்றது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்திற் பரவியது. மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவப் பழக்கினார். அவர் 1939இல் அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தபோது, விரலால் எழுத்தறியும் நெறி இம்மண்ணுக்குப் புதிதாக இருந்திராது.

இதனாற் பழைய திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் கருதிவிடுதல் கூடாது. ஆங்கு மணல் இருந்தது. பிரம்பும் கோதண்டமும் உடனிருந்தன. பெண்மக்களுட் பலருக்கும், ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கும் அத்திண்ணையில் இடமில்லை. பொருள் விளங்காமல் ஒப்பித்தலே கல்வியாக இருந்தது. மணலை ஏற்போம், பிரம்பை விடுவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் மாணவரை உடலால் ஒறுத்தலை விலக்கிவிட்டது.

அகரவரிசை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அ ஆ, இ ஈ என்று குறிலும் நெடிலும் இணைந்து செல்லும் வரிசை ஒலிநோக்கில் மிகச் சிறந்தது. பாடுதற்கும் கைதட்டுதற்கும் ஏற்றது. ஆனால் அகரமும் இகரமும் தமிழ் வரிவடிவங்களுள் வளைவு மிக்கவை. நேர்கோடே இழுக்க வராத கையை முதல் நாளே அவற்றில் ஈடுபடுத்துதல் கொடுமை. ட, ப, ய, ம என எளிய கோடுகளாலான எழுத்துகளை முதலில் வைத்துப் படம், பட்டம், மடம் எனச் சொற்களுக்குச் செல்லும் முறை இதனை உணர்ந்தோர் கண்டது. வாய்க்கு அகரவரிசை, கைக்கு வடிவவரிசை என இரண்டையும் ஒருங்கே நடத்துவதில் முரண் ஏதுமில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பெருந்தொகை கூறி அச்சுறுத்துவதும் வேண்டா. பன்னீருயிரும் பதினெண்மெய்யும் ஆய்தமும் போக எஞ்சிய 216 உயிர்மெய்களுள் மிகப் பல, சில குறிகளின் சேர்க்கையால் வருவன. கு, கூ வரிசைகளின் ஒழுங்கின்மை ஒன்றே இடர். அதற்குக் காலம் தந்தாற் போதும். அதுவரை கை வேறு வழிகளில் பழகட்டும். களிமண் பிசைதல், பூத்தொடுத்தல், நேர்ப்புள்ளி வைத்துச் சிறு கோலமிடுதல் ஆகியவற்றில் எழுதுகோல் பிடிக்கும் விரல்களே உழைக்கின்றன.

இந்நாளைய நிலை என்ன? 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதன் பயனாக அங்கன்வாடிகள் ஊர்தோறும் அமைந்தன. தமிழகத்தில் 2019 சனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் திறக்கப்பெற்றன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதன் மூன்று வகுப்புகளுக்கு ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொணர்ந்தது. நெறி ஏட்டில் சரியாகவே உள்ளது. இடர் வேறிடத்தில் உள்ளது. மூன்றரை அகவைக் குழந்தை கோடிட்ட ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதி வரவில்லையெனில் பள்ளி ஒன்றும் கற்பிக்கவில்லை என்று கருதும் பெற்றோரே மிகுதி. எழுதிய பக்கம் கண்ணுக்குத் தெரிகின்றது. கைதட்டிக் குறில் நெடில் உணர்ந்தது எந்த ஏட்டிலும் தெரிவதில்லை. ஆசிரியரும் பெற்றோர்க்கு அஞ்சி ஏட்டையே நிரப்புகின்றனர். விளையாட்டை வைத்துக்கொண்ட சில பள்ளிகளும், ஐந்து மணித்துளி விளையாடியவுடன் நீ இதிலிருந்து என்ன கற்றாய் என்று வினவி அதனைத் தேர்வாக்கிவிடுகின்றன. விளையாடும் குழந்தையிடம் வினவுவதினும், அது ஆடுவதைக் கண்டு குறித்துக்கொள்வதே ஆசிரியர் பணி. எவன் முறை வரும்வரை பொறுத்தான், எவள் விதியை மாற்றிப் புது ஆட்டம் படைத்தாள், எது எண்ணும்போது ஐந்தைத் தாண்டியதும் தடுமாறிற்று என்பன அக்குறிப்பில் வருதல் வேண்டும்.

சிற்றில் பற்றி இலக்கியம் விட்டுச்சென்ற ஒரு வழக்கையும் சுட்டுதல் கடன். கலித்தொகை 51ஆம் பாட்டில் சிற்றிலைக் காலாற் சிதைத்துப் பந்தைப் பறித்தோடிய சிறுவன் வருகின்றான். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்று வேண்டும் பதிகம் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவமும் அவ்வேண்டுகோளே. கட்டுவோர் சிறுமியர், அழிப்போர் சிறுவர் என்னும் இப்பாகுபாடு பாட்டிற்கு இனிது, வகுப்பறைக்கு ஆகாது. கட்டுதலினால் வரும் அறிவும் பொறுமையும் சிறுவர்க்கும் வேண்டும். தேருருட்டும் திறந்தவெளி சிறுமியர்க்கும் வேண்டும்.

இறுதியாகத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது ஒன்று. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூலில் ஆடும் முறையையும் விதிகளையும் விளக்கி எழுதினார். பின்வந்த நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளுள் பல, குழந்தைப் பாட்டின் சொற்களை மட்டும் அச்சிட்டு ஆட்டத்தை விட்டுவிட்டன. பருப்புக் கடையும் பாட்டைச் சொல்லளவிற் படிப்போர்க்கு அது பொருளற்ற அடுக்காகவே தோன்றும். எச்சொல்லுக்கு எவ்விரல் மடங்குகின்றது என்று தெரிந்தால்தான் அது பாட்டு. எம்மிடம் முதுகலை பயில வருவோருள் ஐந்தாங்கல்லை நான்கு சுற்றும் ஆடத் தெரிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் பாட்டிமாருக்கு இன்னும் தெரியும். ஆய்வேட்டிற்குப் பொருள் தேடும் மாணவர் தத்தம் ஊருக்குச் சென்று, ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பாட்டின் சொல், கையின் அசைவு, ஆடுவோர் அகவை, ஆடும் இடம், ஊருக்கு ஊர் மாறும் விதி ஆகிய ஐந்தையும் ஒலி ஒளிப் பதிவோடு குறித்து வருவாராயின், அதனைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் மறுநாளே எடுத்தாளலாம். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலும், நெல்லைப் பகுதியிலும், யாழ்ப்பாணத்திலும் ஒரே ஆட்டம் என்ன பெயரால், எத்தனை குழியோடு ஆடப்படுகின்றது என்னும் ஒப்பீடு அதன் பின்னரே இயலும்.